50 டாலர் கில்ட் உண்மையிலேயே 50 டாலர்தானா?

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டுன்னு பேசுற இடத்துல கில்ட் எங்கிருந்து வந்ததுன்னு கேட்காதீங்க. ஆன்சைட்டுக்கு அமெரிக்கா, ஸ்காட்லாந்துன்னு போன நம்ம ஆளுங்க, அங்கே வார இறுதியில் ஹைக்கிங், பார்பிக்யூன்னு ஆண்கள் பாக்கெட் வைத்த கில்ட் போட்டுட்டு சாதாரணமா நடக்குறதைப் பார்த்துட்டு, "நல்லா காத்தோட்டமா இருக்கும்போல, ஒண்ணு வாங்கலாமா"ன்னு நினைக்கிறாங்க. நினைக்கிறதுல தப்பே இல்லை. இடுப்புல துணி கட்டி வளர்ந்த நமக்கு அது பழகுறதுக்கு ரெண்டு நாள்கூட ஆகாது. பர்ஸுக்குத்தான் கொஞ்சம் சூதானம் தேவை.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். ஸ்காட்லாந்து கல்யாணங்கள்ல பார்க்கிற கட்டம் போட்ட டார்ட்டன் கில்ட் வேற, இது வேற. அது கம்பளித் துணி, முழு கில்ட்டுன்னா வழக்கமா 8 கெஜம், அதாவது 7 மீட்டருக்கும் மேல. அளவெடுத்து கையால தைச்சு வாங்கினா பல நூறு பவுண்டு ஆகும். ஆபீஸ் நண்பர் கல்யாணத்துக்காக அதை வாங்கணும்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. ஸ்காட்லாந்துக்காரங்களே பெரும்பாலும் கல்யாணத்துக்கு வாடகைக்குத்தான் எடுக்கிறாங்க.

யூட்டிலிட்டி கில்ட் என்பது பருத்தி கேன்வாஸ் அல்லது ட்ரில் துணியில், பக்கவாட்டில் கார்கோ பாக்கெட், முன்பக்கம் பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தது. இதைப் பிரபலமாக்கியது 2000-ல் சியாட்டில் நகரத்தில் தொடங்கிய யூட்டிலிகில்ட்ஸ் என்ற நிறுவனம். "வேலைக்குப் போடுற கில்ட்டா, இதெல்லாம் புது ஃபேஷன்"னு சிரிக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: இன்றைய குட்டை கில்ட்டே 1720-களில் தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பு உலை முதலாளி, தன் தொழிலாளர்கள் வேலை செய்ய வசதியாக வெட்டிக் கொடுத்ததுதான்னு ஒரு கதை உண்டு. ஸ்காட்லாந்துல இதை ஒத்துக்காதவங்களும் இருக்காங்க, அந்தச் சண்டைக்குள்ள நாம போக வேண்டாம்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். ஆன்லைன்ல தேடினா 50 டாலர் பக்கமும் கிடைக்கும், 200 டாலருக்கு மேலயும் கிடைக்கும். மலிவானதுல பெரும்பகுதி பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைத்து வருது. அங்கே தைச்சதுங்கிறதுக்காக மட்டமா இருக்கும்னு அர்த்தமில்லை. அந்த ஊர் கால்பந்து, தோல் பொருட்கள்னு உலகத்துக்கே செய்து அனுப்புற ஊர். என்னைக் கேட்டா, தரத்தைவிட பெரிய பிரச்சினை வேற ஒண்ணு இருக்கு.

"உங்கள் அளவுக்கே தைத்துத் தருகிறோம், கூடுதல் கட்டணம் கிடையாது" என்ற வரிதான் அது. கேட்க இனிப்பாத்தான் இருக்கும். ஆனா பிரிட்டனில் ஆன்லைனில் வாங்கிய பொருளை கையில் வந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கு. உங்கள் அளவுக்கென்று தனியாகத் தைத்த பொருளுக்கு அந்த உரிமை கிடையாது. மற்ற நாடுகளிலும் கடைக்காரர்கள் பெரும்பாலும் இதே விதியைத்தான் வைக்கிறாங்க. அதாவது, இலவசமா அளவு கொடுக்கிற அந்த நிமிஷமே திருப்பிக் கொடுக்கிற வழியை நீங்களே மூடிடுறீங்க. அளவு தப்பாச்சுன்னா, அது உங்க தப்பாயிடும்.

அளவு தப்பாகுறதுக்குக் காரணம் ஜீன்ஸ். நம்மில் பாதிப் பேருக்கு இடுப்பளவுன்னா ஜீன்ஸ் லேபிள்ல இருக்கிற நம்பர்தான். 34-ன்னு லேபிள் இருக்கிற ஜீன்ஸை இன்ச் டேப் வச்சு அளந்து பாருங்க, பல பிராண்டுகள்ல 35, 36 வரும். வாங்குறவன் மனசு நோகக்கூடாதுன்னு கம்பெனிகள் செய்யுற உபகாரம்! அதுவும் போக, டார்ட்டன் கில்ட் தொப்புள் உயரத்துல நிற்கும். யூட்டிலிட்டி கில்ட் கொஞ்சம் இறங்கி இடுப்பெலும்பு மேல உட்காரும். எந்த இடத்துல அளக்கணும்னு அந்தக் கடையோட அளவு அட்டவணையைப் பார்த்துட்டு, அந்த இடத்துல டேப் வச்சு அளங்க. பின்பக்கம் அகலமான இடத்துல ஒரு அளவு, இடுப்பிலிருந்து முழங்கால் நடு வரைக்கும் ஒரு அளவு. டேப் இல்லைன்னா ஒரு கயிறும் ஸ்கேலும் போதும்.

அளவுக்கு அடுத்து பிளீட்டைப் பாருங்க, அதாவது பின்னாடி வர்ற கொசுவம் மாதிரி மடிப்பு. விலையைக் குறைக்க முதல்ல வெட்டுறது இங்கேதான். துணி கம்மியானா மடிப்பு ஆழம் குறையும், நடக்கும்போது விரிஞ்சு மறுபடி சேராம, ஏதோ டவல் கட்டின மாதிரி தொங்கும். பின்பக்கப் படம் போடாத விற்பனைப் பக்கத்தை அப்படியே மூடிடலாம். மடிப்பு ஓரத்துல மெல்லிசா ஒரு தையல் ஓடியிருந்தா இன்னும் நல்லது. துவைச்ச ஒவ்வொரு தடவையும் இஸ்திரிப் பெட்டியோட அரை மணி நேரம் போராட வேண்டாம். பருத்தின்னா ட்ரையர்ல போட்டா சுருங்கும், கொடியிலதான் காயப்போடணும்.

இப்போ வரி. அமெரிக்காவில் 800 டாலருக்குக் கீழே உள்ள பார்சலுக்கு வரி இல்லை என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. "சின்ன பார்சல்தானே"ங்கிற பழைய கணக்கு அங்கே இனி செல்லாது. பிரிட்டனில் 135 பவுண்டு வரை சுங்க வரி கிடையாது, ஆனா 20% வாட் உண்டு. இந்தியாவில் இருந்துகிட்டு ஆர்டர் போடுறவங்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். பாகிஸ்தானிலிருந்து வரும் எந்தப் பொருளையும், வேறு நாடு வழியாக வந்தாலும், இறக்குமதி செய்ய 2025 மே 2 முதல் தடை இருக்கு. எங்கே தைச்சதுன்னு போடாத வெப்சைட்ல பணம் கட்டிட்டு, பார்சல் சுங்கத்துல நின்னா யாரைப் போய்க் கேட்பீங்க?

ஒரு உதாரணக் கணக்கு. 50 டாலர் கில்ட், ஷிப்பிங் 20, வரி 10 ஆகுதுன்னு வச்சுக்குவோம். மொத்தம் 80. அளவு சரியில்லாம ரெண்டு தடவை போட்டுட்டு அலமாரியில வச்சா, ஒரு தடவைக்கு 40 டாலர். அதே நீங்க இருக்கிற ஊர்லயே, திருப்பி எடுத்துக்கிற கடையில 110 டாலருக்கு வாங்கி, மாசம் ரெண்டு தடவை, ரெண்டு வருஷம் போட்டா 48 தடவை. ஒரு தடவைக்கு 2.30 டாலர்கூட வரலை. மாசம் ரெண்டு தடவைகூட போடுவேனான்னு சந்தேகமா இருக்கா? அப்போ 50 டாலரும் அதிகம்தான்.

கடைசியா, செக்-அவுட் பக்கம். அங்கே சண்டித்தனமா ரெண்டு விஷயம் நிக்கும். ஒண்ணு, "நாலு தவணையில் கட்டலாம்" பட்டன். வார இறுதியில போடுற ஒரு துணியைத் தவணையில வாங்க வேண்டியிருந்தா, இந்த மாசம் அதை வாங்கவே வேண்டாம். இன்னொண்ணு, "சேர்த்து வாங்குங்கள்"னு வர்ற அகல பெல்ட், நீளக் காலுறை, ஸ்போரன். ஸ்போரன்ங்கிறது முன்னாடி தொங்குற தோல் பை. டார்ட்டன் கில்ட்ல பாக்கெட் கிடையாது, அதனால அந்தப் பை தேவைப்பட்டது. நீங்க வாங்குறதோ பாக்கெட் வச்ச கில்ட். அதுக்கு எதுக்குங்க இன்னொரு பை? பெல்ட்டும் வீட்ல இருக்கிறதே லூப்ல நுழையும். கறுப்பு இல்லைன்னா காக்கி, ஒண்ணே ஒண்ணு எடுங்க. இருக்கிற டி-ஷர்ட் எல்லாத்துக்கும் ஒத்துப்போகும்.