பின்பக்கம் காலியாக இருக்கிறதே!

உங்கள் பர்ஸைத் திறந்து பாருங்கள். ஆதார், ஏ.டி.எம். கார்டுக்கு நடுவே யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டு இரண்டு மூன்று இருக்கும். அவற்றை ஏன் இன்னும் தூக்கிப் போடவில்லை? டாக்டர் மறுபடி வரச்சொன்ன தேதி, கண்ணாடிக் கடையில் குறித்துக் கொடுத்த பவர் என்று பின்பக்கத்தில் நமக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருக்கும். முன்பக்கம் கடைக்காரருக்கு, பின்பக்கம் நமக்கு. ஆனால், கார்டு அடிக்கிறவர்களில் பலர் அந்தப் பின்பக்கத்தைத்தான் வெறுமனே விட்டுவிடுகிறார்கள்.

வடலூர் போன்ற ஊரில் இது பெரிய நஷ்டம். கடலூர் - விருத்தாசலம் சாலையும், பண்ருட்டியிலிருந்து கும்பகோணம் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் நான்குமுனை சந்திப்பு அது. பஸ் மாறுகிறவர்கள், நெய்வேலிக்குப் போகிறவர்கள், சத்திய ஞான சபைக்கு வருகிறவர்கள் என்று எப்போதும் வெளியூர் முகங்கள். ஒரு டீயோ, ஒரு பாக்கெட் முறுக்கோ வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முதல் தடவை வருவது தற்செயல். இரண்டாம் தடவை வர ஒரு காரணம் வேண்டுமே!

அந்தக் காரணம் வடலூரில் தயாராகவே இருக்கிறது. வள்ளலார் சபையில் முதல் ஜோதி தரிசனம் நடந்தது 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று. இன்றும் தைப்பூசத்தில் 7 திரைகளையும் நீக்கித் தரிசனம். மாதப் பூசத்தில் 6 திரைகள் நீக்கி. பூசம் நட்சத்திரக் கணக்கு என்பதால் இங்கிலீஷ் தேதி மாதாமாதம் மாறும். சேலத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிறவர் லீவு சொல்ல, டிக்கெட் போட அந்தத் தேதிகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். மெஸ் வைத்திருப்பவரோ, ஆட்டோ ஓட்டுபவரோ, பலகாரம் விற்பவரோ தன் கார்டின் பின்னால் வருடத்தின் பூச நாட்களை அச்சடித்துக் கொடுத்தால், அந்தக் கார்டு சாமி அலமாரியில் வருடம் முழுக்க இருக்கும். தேதிகளைப் பஞ்சாங்கத்தோடும் சபை அறிவிப்போடும் சரிபார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். ஒரு தேதி தப்பினால் உங்களை நம்பி வந்தவருக்கு ஒருநாள் வீண்.

ஒன்று சொல்ல வேண்டும். சாமி படம் போட்டால் யாரும் கிழித்துப் போட மாட்டார்கள் என்று ஒரு யோசனை உண்டு. கிழிக்க மாட்டார்கள்தான். ஆனால், தைப்பூசக் கூட்டத்தில் கை தவறிக் கீழே விழுந்தால் ஆயிரம் பேர் மிதிப்பார்கள். வள்ளலார் படம் வேண்டாமே, தேதி போதும்.

லண்டனில் வீடுகளுக்குக் கதவு எண் வராத 18-ம் நூற்றாண்டில், வியாபாரிகள் தங்கள் கடையின் அடையாளச் சின்னத்தையும் வழியையும் கார்டில் அச்சடித்துக் கொடுத்தார்கள். கார்டே வழிகாட்டி. நம் ஊர்த் துணிக்கடை மஞ்சப்பையும் இந்த ஜாதிதான். பருப்பு வாங்கப் போனாலும் கடைப்பெயர் கூடவே வரும். இதற்கு எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் ஜோ ஜிரார்ட். டெட்ராய்ட் பக்கம் செவர்லே கார் விற்றவர். 15 வருடங்களில் 13,001 கார் விற்று கின்னஸில் ஏறியவர். ஓட்டல் பில்லோடு கார்டு வைப்பார், ஸ்டேடியத்தில் கைநிறைய அள்ளி வீசுவார். கேட்க நன்றாக இருக்கிறது. நம் பஸ் ஸ்டாண்டில் வீசினால் குப்பைதான்.

வீட்டிலேயே பிளவுஸ் தைக்கும் பெண்களுக்குத்தான் கார்டு அதிகம் உதவும் என்பது என் எண்ணம். தெருவில் போர்டு இல்லை, கடை இல்லை. அக்கம்பக்கத்தார் சொன்னால்தான் ஆள் வரும். பின்பக்கத்தில் நீளம், மார்பு, இடுப்பு, கை, கழுத்து என்று கட்டம் போட்டு, தைக்க வந்தவரின் அளவை எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை அளவு பிளவுஸ் தேட வேண்டாம், கார்டை போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். அந்த அளவு கையில் இருக்கும்வரை அவர் வேறு டெய்லரைத் தேடுவாரா? ஆனால், பின்பக்கம் பளபள லேமினேஷன் கூடாது, பேனா எழுதாது. பிரஸ்காரரிடம் ‘முன்பக்கம் மட்டும் லேமினேஷன்’ என்று அழுத்திச் சொல்லுங்கள்.

போன் நம்பர் விஷயத்திலும் கவனம் வேண்டும். வீட்டு நம்பரையே கார்டில் போட்டு, கண்ட நேரத்திலும் வரும் தேவையில்லாத அழைப்புகளால் தொழிலையே விட்டவர்கள் உண்டு. தனி சிம் ஒன்று வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். இலவசம்தான். தைத்த மாடல்களை கேட்லாக்கில் வைக்கலாம், வேலை நேரத்தையும் குறிப்பிடலாம்.

மோட்டார் மெக்கானிக், பிளம்பர் என்றால் கார்டைவிட ஸ்டிக்கர். மோட்டார் சுவிட்ச் பெட்டியின் உள்பக்கம் ‘கடைசியாக சர்வீஸ் செய்த தேதி’ என்று ஒட்டிவிட்டு வந்தால், தண்ணீர் ஏறாத காலையில் அந்த வீட்டுக்காரர் முதலில் பார்ப்பது உங்கள் நம்பரைத்தான்.

கியூ.ஆர். கோடு போடுகிறீர்களா? கூகுள் பே வந்த பிறகு கோடு என்றாலே பணம் கட்ட என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். ‘ஸ்கேன் செய்தால் எங்கள் வாட்ஸ்அப் திறக்கும்’ என்று கீழே தமிழில் எழுதுங்கள். சில இணையதளங்கள் இலவசமாகத் தரும் கோடு, சோதனைக் காலம் முடிந்ததும் வேலை செய்யாது. தொடர்ந்து ஓடப் பணம் கேட்கும். வாட்ஸ்அப் பிசினஸே தரும் கோடை எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை அடிப்பது? ஆப்செட்டில் பிளேட் போட வேண்டும் என்பதால் ஆயிரம் அடித்தால்தான் மலிவு. ஆனால், முதல் தடவை டிஜிட்டலில் நூறு போதும். மெஸ்ஸில் வைத்ததில் மூலையில் ‘ம’, பூக்கடையில் வைத்ததில் ‘பூ’ என்று சின்னதாகப் போட்டு, வருகிறவரிடம் எந்த எழுத்து என்று கேளுங்கள். எங்கே கொடுத்தது பலித்தது என்று தெரிந்ததும் ஆயிரம் அடிக்கலாம்.

பூசத் தேதி கார்டு வேண்டுமென்றால் மட்டும் சீக்கிரம் கிளம்புங்கள். சிவகாசியில் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்குக்கே வந்துவிடும். மார்கழியில் பிரஸ் பக்கம் போனால் டைரி, காலண்டர் வேலைக்கு நடுவே உங்கள் கார்டு வரிசையில் நிற்கும். ஐப்பசியிலேயே கொடுத்துவிட்டால், தைப்பூசத்துக்கு வருகிறவர் கையில் புது வருடக் கார்டு இருக்கும்.