சாவியைத் திருப்பும்போது காது கொடுங்கள்



மாருதி 800 காரின் உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் நம் ஊர்களில் அந்தச் சின்ன வண்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பெரியவர்களை டாக்டரிடம் அழைத்துப்போக, குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வர, பல வீடுகளில் அதுதான் துணை. பழைய ஜென், சான்ட்ரோ, இண்டிகா வைத்திருப்பவர்களும் இப்படித்தான். நன்றாக ஓடுகிற வண்டியை எதற்காக விற்க வேண்டும்?

அப்படிப்பட்ட வண்டி ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பியதும் இழுத்து இழுத்து முனகுகிறது. “செல்ஃப் சரியா எடுக்க மாட்டேங்குது” என்கிறோம். உடனே ஆளுக்கொரு யோசனை வரும். ஒருவர் “பேட்டரி போச்சு” என்பார். புது பேட்டரி போட்ட சில நாளில் மறுபடியும் அதே முனகல். இன்னொருவர் “செல்ஃப் மோட்டாரையே மாத்திடுங்க” என்பார். அதையும் மாற்றிய பிறகு, கோளாறு ஒரு துருப்பிடித்த எர்த் வயரில்தான் இருந்தது என்று தெரிந்தால் வயிறு எரியாதா?

அதனால்தான் இந்த வேண்டுகோள்: சோதித்துப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். அந்தச் சோதனையில் பாதியை வீட்டு வாசலிலேயே நீங்களே செய்துவிடலாம்.

அம்பாசிடரின் முன்பக்கம் கம்பியை நுழைத்துச் சுற்றியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். செல்ஃப் எடுக்காவிட்டாலும் அந்தக் கம்பி கைகொடுத்தது. இன்றைய கார்களில் அந்த வசதி இல்லை. எஞ்சினை எழுப்ப நாம் நம்பியிருப்பது செல்ஃப் என்று சொல்லும் ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான்.

அதன் வேலை எளிமையானது. சாவியைத் திருப்பியதும் சாலினாய்டு என்ற மின்காந்த ஸ்விட்ச் ஒரு சிறிய பல்சக்கரத்தை முன்னே தள்ளி, எஞ்சினின் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரோடு கோத்துவிடுகிறது. பேட்டரியிலிருந்து நூறு ஆம்பியர் அளவுக்கு, சில வண்டிகளில் அதற்கும் மேல், மின்சாரம் பாய்கிறது. மோட்டார் எஞ்சினைச் சுற்றிவிடுகிறது. எஞ்சின் பிடித்துக்கொண்டதும் பல்சக்கரம் பின்வாங்கிவிட வேண்டும். இதில் எந்த இடத்தில் தடங்கல் என்பதைச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

‘டக்டக்டக்’ என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு, அதன்பின் அமைதி என்றால் சாலினாய்டின் உள் கான்டாக்டையோ மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ்ஷையோ சந்தேகிக்கலாம். ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால், பெண்டிக்ஸ் என்று மெக்கானிக்குகள் சொல்லும் பல்சக்கரப் பகுதி வழுக்குகிறது. ‘கரகர’ என்று இரும்பை அரைப்பதுபோல் கேட்டால் பல் தேய்ந்திருக்கலாம், மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம்.

எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் மோட்டாரின் கீச்சிடும் சத்தம் நிற்கவில்லையா? உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். பல்சக்கரம் பின்வாங்காமல் சிக்கியிருக்கிறது.

அடுத்து பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கிறதா? கிளாம்பைக் கையால் அசைத்தால் ஆடுகிறதா? பல வண்டிகளின் வியாதி இங்கேயே முடிந்துவிடும். மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலைன் தடவினால் பொடி சீக்கிரம் படியாது. பொடியில் ஆசிட் கலந்திருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி அருகில் தீக்குச்சியோ சிகரெட்டோ கூடவே கூடாது.

பிறகு ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். விளக்கு அணையும் அளவுக்கு மங்கினால் பேட்டரியோ இணைப்போ பலவீனம், அல்லது மோட்டார் இறுகிக்கொண்டு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது. விளக்கு பளிச்சென்று எரிந்தும் மோட்டார் அசையவில்லை என்றால், மோட்டாருக்குள் மின்சாரம் பாயவில்லை.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வீட்டில் வைத்திருங்கள். இரவு முழுக்க நிறுத்திவைத்த காரின் பேட்டரி காலையில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். வீட்டில் ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். அப்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. அடுத்து ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் இன்னொரு முனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்து, மறுபடியும் திருப்பச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கவனிக்க வேண்டும். இதையெல்லாம் செய்யும்போது கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி இருக்கட்டும். துப்பட்டாவோ புடவைத் தலைப்போ ஃபேன், பெல்ட் பக்கம் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி சரி, வயர் சரி, அப்படியும் முனகல் தீரவில்லை என்றால் மோட்டாரைக் கழற்ற வேண்டியதுதான். அப்போதும் புதிது வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் அதைப் பிரித்ததும் முதலில் கொட்டுவது கறுப்புக் கரித்தூள். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகியிருக்கும். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, சுழலும் பகுதியான ஆர்மேச்சர் ஒரு பக்கமாக உரசிய தடம் பளபளவென்று தெரியும். வண்டி சூடானபின் மட்டும் செல்ஃப் இழுக்கிறது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றினால் பழைய மோட்டாரே நன்றாகச் சுற்றும். ஆர்மேச்சர் கருகியிருந்தால்தான் புதிதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆனால் ‘கரகர’ சத்தத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ரிங் கியரின் பல் போய்விட்டால் அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். சிறிய செலவில் முடிய வேண்டியது பெரிய செலவாகிவிடும். அதேபோல், ஸ்டார்ட் ஆகவில்லை என்ற ஆத்திரத்தில் சாவியைத் திருப்பியபடியே பிடித்துக்கொண்டிருப்பதும் மோட்டாரைக் கருக்கிவிடும். ஒரு முறைக்குப் பத்து வினாடி போதும். அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது விடுங்கள்.

நம் வெயில் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். சித்திரையில் அடிவாங்கிய பேட்டரி மார்கழிக் காலையில் கைவிடுவது உண்டு. குளிரில் பேட்டரி திணறுவது ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடம் தாண்டிய பேட்டரி என்றால், பயணத்துக்கு முன் ஒரு தரம் சோதித்துவிடுங்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது “செல்ஃப் மாத்திடுங்க” என்று சொல்லாதீர்கள். சத்தத்தை செல்போனில் பதிவு செய்து போட்டுக் காட்டுங்கள். காலையில் மட்டும் வருகிறதா, சூடானபின் வருகிறதா, மீட்டர் என்ன காட்டியது என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் இதையெல்லாம் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். விவரம் தெரிந்து பேசுகிற வாடிக்கையாளரிடம் அவருக்கும் வேலை சுலபம்தானே?

அன்புடன்,
ஆசிரியர்