சத்தத்தைக் குறைக்கும் வேலை பேரல் முனையில் இல்லை

பாயின்ட் 22 ரைஃபிளுக்கு எந்த சைலன்சரை வாங்கலாம், மாட்டிய பிறகு எப்படிப் பராமரிப்பது என்று இளம் வீரர்கள் கேட்கிறார்கள். வெளிநாட்டு வீடியோக்கள் கிளப்பிவிட்ட கேள்வி இது. பயிற்சியாளர்கள் இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்: நம் நாட்டு விளையாட்டு வீரர் தேர்ந்தெடுப்பதற்கு சைலன்சர் என்று ஒன்று இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், சுடும்போது எழும் ஓசையையோ தீச்சுடரையோ குறைப்பதற்கான துணைக்கருவியையும் துப்பாக்கி என்றே வரையறுக்கிறது. ரைஃபிளில் மாட்டாமல் மேசை இழுப்பறையில் கிடந்தாலும், உரிமம் இல்லாவிட்டால் அந்தக் குழாய் ஒரு குற்றம்தான். போட்டிக்கும் அது உதவாது. சர்வதேச சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி பேரலிலோ அதன் நீட்டிப்புக் குழாயிலோ துளை இடக் கூடாது. உள்ளே வேறு எந்த அமைப்பும் வைக்கக் கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே முதல் மாவட்டப் போட்டிக்கு வரும் பள்ளி மாணவர் வரை எல்லோருக்கும் இதே விதிதான்.

ஆனால் கேள்விக்குப் பின்னால் இருக்கும் தேவை உண்மையானது. அதைச் சட்டத்தைக் காட்டி மூடிவிட முடியாது. பாயின்ட் 22-ஐ ‘சின்னத் துப்பாக்கி’ என்று சொல்லியே நம் தளங்களில் பல காதுகள் கெடுகின்றன. அந்த ரைஃபிளின் உச்ச ஒலி 140 டெசிபலை ஒட்டி நிற்கிறது. திடீர் ஓசை காதைப் பாதிக்கும் எல்லையாக மருத்துவம் கொள்வதும் அதே 140-ஐத்தான். பிஸ்டலின் பேரல் குட்டை என்பதால் அதன் ஓசை இன்னும் அதிகம். உட்செவியின் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி வளர்வதில்லை. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹிராம் மாக்சிம் முதுமையில் கிட்டத்தட்ட முழுச் செவிடாகிப் போனார். 1909-இல் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றவர் அவருடைய மகன்.

அந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்த்தால், அது இல்லாமலே எவ்வளவு செய்ய முடியும் என்பது விளங்கும். பேரலை விட்டுச் சீறி வரும் வாயுவை அடுக்கடுக்கான தடுப்புகளில் மோதவிட்டு, விரியவும் ஆறவும் வைப்பதே அதன் வேலை. குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்தால் வழி நெடுகிலும் எழும் ‘சடார்’ என்ற வெடிப்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வெடிப்பை அடக்குவது தோட்டாவின் தேர்வு மட்டுமே. இதில் நம் கடற்கரைக்கு இயற்கையே கைகொடுக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். உறைநிலையில் 331 மீட்டர்தான். போட்டித் தர தோட்டாக்கள் நொடிக்கு 325 முதல் 331 மீட்டர் வேகத்தில் கிளம்புகின்றன. பின்லாந்தின் பனிக்காலத்தில் விளிம்பில் தடுமாறும் அதே தோட்டா, சதுரங்கப்பட்டினத்தின் மார்கழி விடியலில்கூட ஒலியின் வேகத்தைத் தொடாது. 375 மீட்டருக்கு மேல் போகும் அதிவேகத் தோட்டாவை விலை குறைவு என்று பயிற்சிக்கு வாங்கினால், இந்தச் சாதகத்தை நாமே கைவிடுகிறோம்.

அடுத்தது காது. இயர் மஃப் இல்லாத தளம் அபூர்வம், சரியாகப் பொருந்தும் மஃப்தான் அபூர்வம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை நம் வியர்வையும் உப்புக் காற்றும் மஃபின் மெத்தையை விறைக்கச் செய்து, ஓரத்தில் வெடிப்பு விழ வைக்கின்றன. கண்ணாடிக் காம்பு தடிப்பாக இருந்தால் மெத்தைக்கும் தோலுக்கும் இடையில் இடைவெளி விழும். ஓசை அதன் வழியாகவே நுழையும். நுரை பிளக்கை விரல்களால் மெல்லியதாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட வேண்டும். அது விரியும்வரை அரை நிமிடம் விரலை எடுக்கக் கூடாது. பாதி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பிளக் வெறும் அலங்காரம். பிளக்கின் மேல் மஃபும் போட்டால் 5 டெசிபலாவது கூடுதலாகக் குறையும். தகரக் கூரைக்கு அடியில் வரிசையாகச் சுடும் இடங்களில் அந்த 5 டெசிபல் பெரிது. கூரையின் அடிப்பக்கத்திலும் தடுப்புச் சுவர்களிலும் ஒலி உறிஞ்சும், தீப்பிடிக்காத பலகைகளைப் பொருத்துவது ஒருமுறைச் செலவு. பிளக்கும் மஃபும் சேர்த்துப் போட்டால் கட்டளை கேட்காது என்கிறார்கள். கொடியும் விளக்கும் அதற்குத்தான் இருக்கின்றன. பேச்சை மட்டும் உள்ளே விடும் மின்னணு மஃபைப் பயிற்சியாளர் அணியலாம்.

நார்வேயிலும் நியூசிலாந்திலும் சைலன்சர் செவி காக்கும் சாதாரணப் பொருள், அமெரிக்காவில் 1934 முதல் இருந்த 200 டாலர் வரிகூட 2026-இல் நீங்கிவிட்டது, நமக்கு மட்டும் ஏன் தடை என்று கேட்பவர்களின் வாதம் அற்பமானதல்ல. ஆனால் அங்கே வேட்டை சட்டப்படி நடக்கிறது. இங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இன்று வேட்டை விளையாட்டே அல்ல. நம் செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஊரார், ஏரிப் பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மீது கலெக்டர் லியோனல் பிளேசிடம் முறையிட்டு, 1798-இல் கவுல் என்ற காப்பு ஆணையை வாங்கினார்கள். காட்டுக் காவலருக்கு இன்றும் வெடியோசைதான் முதல் துப்பு. அதைப் பறிக்கும் கருவியைப் பரவவிடுவது நல்லதல்ல. பராமரிப்பும் எளிதன்று. பாயின்ட் 22-இன் குண்டு உறையில்லாத ஈயம் என்பதால் சில நூறு முறை சுட்டதுமே ஈயமும் கரியும் தடுப்புகளில் அப்பிக்கொள்ளும். வீடியோக்களில் அந்தத் தடுப்புகளை வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலில் ஊறவைக்கிறார்கள். ஈயம் அதில் ஈய அசிடேட்டாக மாறும். அது கொடிய நஞ்சு. அதைக் கையால் தொடவும் வடிகாலில் ஊற்றவும் கூடாது என்பதை அந்த வீடியோக்கள் பல சமயம் சொல்வதில்லை.

போட்டித் தர தோட்டா விலை அதிகம் என்ற குறை நியாயமானது. அதற்குப் பரிகாரம் சங்கங்கள் சேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்வதும், தொடக்க நிலை மாணவர்களை ஏர் ரைஃபிளில் நீண்ட காலம் வைத்திருப்பதும்தான். சுடுதளப் பொறுப்பாளர்களே, அடுத்த கொள்முதல் பட்டியலை எழுதும்போது தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள்; அதே தாளில் மஃப் மெத்தைகளையும் சேருங்கள். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே செவித்திறன் சோதனை செய்து, ஆண்டுதோறும் அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.