சீட்டுக்கு முன் தெரிய வேண்டிய தொகை

பொறியியல் கலந்தாய்வு நெருங்கும்போதெல்லாம் சுயநிதிக் கல்லூரி நிர்வாகங்கள் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன: “கட்டணத்தில் ஒளிவுமறைவே இல்லை. பெற்றோர்தான் சேர்வதற்கு முன் விசாரிப்பதில்லை.” பெற்றோரிலும் பலர் இதை நம்பித் தங்களையே நொந்துகொள்கிறார்கள். இதற்கு ஆதரவாக அடுக்கப்படும் வாதங்கள் நான்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. “அரசுக் குழு நிர்ணயித்த தொகைதானே?”

பாதி உண்மை. இஸ்லாமிக் அகாடமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003இல் அளித்த தீர்ப்பின் வழியில், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு தமிழ்நாட்டில் இயங்குகிறது. 2017இல் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய் என்று அது வரையறுத்தது. ஆனால் ஹாஸ்டல், மெஸ், பஸ் ஆகியவை இந்தத் தொகைக்குள் வருவதில்லை. வெளியூரிலிருந்து வரும் பிள்ளைக்கு இவையே கல்விக் கட்டணத்தைத் தாண்டிவிடக்கூடும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் பொறியியல் படிப்புகளோ இந்தக் குழுவின் வரம்பிலேயே இல்லை. குழுவின் தொகையைக் காட்டி மொத்தச் செலவும் தெரிந்துவிட்டதாகச் சொல்வது சரியல்ல.

2. “நான்கு வருடச் செலவை இப்போதே எப்படிச் சொல்வது?”

வங்கிக்கு மட்டும் எப்படிச் சொல்கிறார்கள்? கல்விக் கடன் கேட்கும் மாணவரிடம் படிப்புக் காலம் முழுவதற்குமான கட்டண விவரத்தை வங்கி கேட்கும். போனஃபைட் சான்றிதழோடு ஆண்டுவாரியான பட்டியலையும் முத்திரை குத்திக் கொடுப்பது கல்லூரி அலுவலகம்தான். சேர்ந்தபின் வங்கி மேலாளருக்குத் தர முடிகிற கணக்கைச் சேருமுன் பெற்றோருக்குத் தர முடியாதா? அரிசி, டீசல் விலை ஏறும் என்பது நியாயமான கவலை. அதற்கு, ஆண்டுக்கு அதிகபட்சம் இத்தனை சதவீதம்தான் உயர்த்துவோம் என்று எழுதிவிடலாம்.

3. “மாணவருக்கு மாணவர் கட்டணம் மாறும்.”

மாறட்டும். எந்த விதிப்படி மாறுகிறது என்பதை அச்சிடலாமே! நுழைவுத் தேர்வுத் தரவரிசையை வைத்து வெவ்வேறு கட்டணம் வாங்கும் வேலூர் விஐடி, வகைவாரியாக அதை வெளியிடத்தான் செய்கிறது. விதிப்படி மாறும் தொகையை வெளியிடுவதில் சிக்கல் இல்லை. ஆளைப் பார்த்துப் பேரம் பேசும் தொகையையும், ரசீது இல்லாமல் கைமாறும் பணத்தையும்தான் வெளியிட முடியாது. நன்கொடை வசூலைத் தமிழ்நாடு 1992லேயே சட்டம் போட்டுத் தடைசெய்துவிட்டது. ரசீது இல்லாத பணத்துக்கு வங்கிக் கடனும் கிடைக்காது; குடும்பம் நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோதான் கட்டும்.

4. “பிடிக்காவிட்டால் பணத்தை வாங்கிக்கொண்டு போகலாம்.”

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் அதிகபட்சம் 5,000 ரூபாய் கழித்து மீதியைத் தர வேண்டும். கடைசி நாளுக்குப் பின் முப்பது நாள் கடந்துவிட்டால் எதுவும் கிடையாது. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் கூடாது. நல்ல விதிகள்தான். ஆனால் மெஸ் பில்லும் பயிற்சிக் கட்டணமும் கைக்கு வருவது வகுப்பு தொடங்கிய பிறகு. அதற்குள் கலந்தாய்வு முடிந்திருக்கும். கிடைத்திருக்கக்கூடிய வேறு கல்லூரி இடம் போயிருக்கும். பணம் முழுதாகத் திரும்பினாலும் அந்த இடம் திரும்பாது.

ஆகவே, விசாரிக்காதது பெற்றோரின் குறை என்ற பேச்சு நிற்காது. விசாரித்துத் தெரிந்துகொள்ளும் நிலையில் தகவல் இல்லை. கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்பும் பக்கத்தில், கல்லூரிக் குறியீட்டெண்ணுக்கு அருகிலேயே நான்கு ஆண்டு மொத்தச் செலவு இருக்க வேண்டும்: கல்விக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ், பஸ், இதர வசூல், ஆண்டு உயர்வின் உச்சவரம்பு. அதில் இல்லாத எதையும் பின்னர் வசூலிக்கக் கூடாது என்று அரசு ஆணையிட வேண்டும். இதற்காகக் கல்லூரிகள் புதிதாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. வங்கிக்குத் தரும் தாளைச் சில வாரங்கள் முன்னதாக வெளியிட்டால் போதும்.