களிம்பின் மேல் களிம்பு

மேலநீலிதநல்லூரில் களிம்பு டியூப் இல்லாத வீடு ஒன்றை எவரேனும் காட்டினால், அவ்வீட்டாருக்கு நமஸ்காரம் செய்ய நாம் தயார். மாடக்குழியிலோ அலமாரியிலோ, வால் சுருட்டிய டியூப் ஒன்று கட்டாயம் கிடக்கும். பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக் கொண்டாலும் அதுதான். பாட்டிக்குக் காற்புண் என்றாலும் அதுதான்.

சென்ற மாதம் நமது கணுக்காலிலும் அது ஏறிற்று. சைக்கிள் மிதி கிழித்த அற்பக் காயம். முதல் வாரம் சுகமாகவே சென்றது. பிறகு அரிப்பு, சிவப்பு, நீர்க்கொப்புளம். புண் சீழ் கோத்துவிட்டதென்று அஞ்சி, இன்னும் தாராளமாகப் பூசினோம். பூசிய இடமெல்லாம் சிவந்தது. அடுத்த வீட்டு ஆச்சி, சங்கரன்கோவில் புற்றுமண்ணை இடச் சொன்னார்கள். சருமப் பிணிக்கு அதை நாடி வருவோர் ஏராளம். நாமும் சங்கரன்கோவிலுக்கே போனோம்; ஆனால் டாக்டரிடம். அவர் கேட்ட முதற் கேள்வி: "என்ன பூசினீர்கள்?"

டியூபில் இருந்தது நியோமைசின். 1949-ல் வாக்ஸ்மன் முதலியோர் கண்டறிந்த கிருமிக்கொல்லி. நல்ல மருந்துதான், எனினும் சிலருடைய தோல் அதைப் பகைவனாகப் பாவித்துவிடுகிறது. அமெரிக்கத் தோல் வைத்தியர் சங்கமொன்று 2010-ல் இதனை 'அவ்வருஷத்து ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. இந்தப் பட்டத்தை எந்த விளம்பரத்திலும் காணோம்!

பகையை அறிந்துகொள்ள உடலுக்குப் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். அறிந்தபின் மறப்பதே அரிது; மறுமுறை பட்டால் இரண்டொரு நாளில் சீறும். ஆகவே, "போன தடவை ஒன்றும் செய்யவில்லையே" என்னும் வாதம் இங்கே செல்லாது. ஸ்டிராய்டும் கலந்த களிம்பானால் வஞ்சகம் இன்னும் அதிகம். பூசும்வரை சிவப்பு அடங்கியிருக்கும்; நிறுத்தினால் கிளம்பும்; உடனே இன்னொரு டியூப் வாங்குவோம். இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டின்றி விற்கலாகாதென்று மத்திய சர்க்கார் 2018-லேயே விதித்தாயிற்று. கேட்பவர் யார்?

சந்தேகம் தீர வழியுண்டு. மருந்தை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கும் சோதனையை யடாசோன் என்ற வைத்தியர் 1895-லேயே வெளியிட்டார். பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்றும் அதுவே நடக்கிறது.

நியோமைசின் என்ற பெயரைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறோம். கண், காது சொட்டு மருந்துகளிலும் அது ஒளிந்திருக்குமாம். ஜெண்டமைசினும் அதற்கு உறவாம்.

வீடு திரும்பியதும் ஆச்சியின் நெடுநாள் காற்புண் நினைவுக்கு வந்தது. அவர்களுடைய டியூபை வாங்கிப் படித்தோம். அதே பெயர். வருகிற வியாழக்கிழமை ஆச்சியையும் டியூபையும் சேர்த்து டாக்டரிடம் அழைத்துப் போகிறோம்.