அக்கா கொடுத்த மஜ்ஜை

"இரத்தப் புற்றுநோய்" என்ற வார்த்தையைக் கேட்டாலே நமக்குக் கை கால் ஓடாது. "எலும்பு மஜ்ஜை மாற்றணும்" என்றால் கேட்கவே வேண்டாம். முதுகெலும்பைத் துளைப்பார்கள், கொடுத்தவர் முடமாகிவிடுவார் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என் நாத்தனார் வீட்டில் இந்தப் பேச்சு ஒரு பிள்ளையின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

அவள் மகனுக்கு எட்டு வயது. விடாத காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள். இரத்தப் புற்றுநோய் என்றார்கள். குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகையில் பெரும்பாலோருக்கு மருந்தே போதும், இவனுக்கும் குணமானது. ஆனால் நோய் திரும்பி வந்துவிட்டது. மஜ்ஜை மாற்று அவசியம் என்றார் டாக்டர். கூடப்பிறந்தவர் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். இரத்த குரூப் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை; எச்.எல்.ஏ. பொருத்தம்தான் முக்கியம். பதின்மூன்று வயது அக்காவுக்குப் பொருந்தியது.

மாமியார் குறுக்கே நின்றார். "பொம்பளைப் புள்ள! நாளைக்கு இன்னொருத்தர் வீட்டுக்குப் போக வேண்டியவ. முதுகெலும்பிலே கை வச்சா புள்ளை குட்டி பெத்துக்க முடியுமா?" நாத்தனார் என்னிடம், "ஒண்ணைக் காப்பாத்த இன்னொண்ணைப் பலி கொடுக்கறேனா அண்ணி?" என்று அழுதாள்.

டாக்டர் பாட்டியையே கூப்பிட்டு உட்கார வைத்தார். மஜ்ஜை என்பது எலும்புக்குள் இரத்தம் ஊறும் இடம். அதை எடுப்பது இடுப்பெலும்பின் பின்பக்கத்தில். தண்டுவடத்தைத் தொடுவதே இல்லை. மயக்கம் கொடுத்து ஊசியால் உறிஞ்சுவார்கள். கத்தி வைத்து அறுப்பதில்லை. எடுத்தது சில வாரங்களில் தானே ஊறிவிடும். பிள்ளைப்பேற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிறகு பெண்ணையும் தனியே கேட்டார். அவள் கேட்டது ஒன்றுதான்: "ஸ்கூலுக்கு எத்தனை நாள் லீவு?"

இடுப்பில் சில நாள் வலி இருந்தது, அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் தம்பிக்குத்தான். கடுமையான மருந்துகளால் அவனுடைய பழைய மஜ்ஜையை அழித்த பின், அக்காவின் மஜ்ஜையை இரத்தம் ஏற்றுவது போலவே நரம்பில் ஏற்றினார்கள். அது வேர் பிடிக்க மூன்று வாரம் ஆனது. இப்போது அவன் இரத்த குரூப்கூட அக்காவுடையதாக மாறிவிட்டது!

வீட்டுக்கு வந்த பிறகுதான் நம் வேலை. கொதித்து ஆறிய தண்ணீர், சுடச்சுடச் சமைத்த சாப்பாடு. பச்சைக் காய்கறி, கடைப் பண்டம் கூடாது. அறையில் பூவும் பூந்தொட்டியும் வேண்டாம். சளி, காய்ச்சல் உள்ளவர்களை முகத்துக்கு நேரே மறுத்துவிடுங்கள். மனஸ்தாபம் வந்தால் வரட்டும். காய்ச்சல், தோலில் தடிப்பு, வயிற்றுப்போக்கு, கண் மஞ்சள் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வந்த மஜ்ஜை உடம்போடு சண்டை போடுவதுண்டு.

வேலூர் சி.எம்.சி.யில் 1986லிருந்தே இந்தச் சிகிச்சை நடக்கிறது. வீட்டில் யாருக்கும் பொருந்தாவிட்டால் வெளியாரிடம் தேடலாம். அதற்காகவே 2009ல் சென்னையில் தொடங்கிய 'தாத்ரி' பதிவேடு இருக்கிறது. பதிவு செய்யக் கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுத்தால் போதும். பொருந்தினால், பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு, இரத்த தானம் போலக் கை நரம்பிலிருந்தே கொடுக்கலாம்.

உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால், மறுக்கும் பெரியவரைத் திட்டாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அந்தப் பாட்டிதான் இன்று பேரனுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுக்கிறார்.