ஆணியைத் தளர்த்தும் சிக்கனம்

2022இன் பெற்றோல் பஞ்சம் திருகோணமலையில் ஒரு மூடநம்பிக்கையை விட்டுச் சென்றிருக்கிறது. பழைய மோட்டார் சைக்கிளின் ஐட்லிங்கை, அதாவது நிற்கும் வண்டியில் எஞ்சின் சுழலும் வேகத்தைக் குறைத்தால் எரிபொருள் மிஞ்சுமாம்! சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்க, வாரத்துக்கு நான்கு லீற்றர் பங்கீட்டுக்காக வரிசையில் நின்ற ஊர் இது. அன்று துளியை எண்ணியதில் வியப்பில்லை. இன்றும் கராஜ்காரர் சிலர் வண்டியைக் கண்டதுமே ஆணியைத் தளர்த்துவது எந்தக் கணக்கில்?

ஓட்டத்தில் பெற்றோலைத் தீர்மானிப்பது கைப்பிடி. அந்த ஆணிக்கு அங்கே அநேகமாக வேலையில்லை. மிஞ்சுவது சொற்பம். அதையும் உட்துறைமுக வீதியில் எஞ்சின் அணைய அணைய உதைத்தே தீர்த்துவிடுகிறோம். போதாக்குறைக்கு, வேகம் மிகத் தாழ்ந்தால் எஞ்சினின் மேற்பகுதிக்கு எண்ணெயும் சரிவர ஏறாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் ஊரைச் சுமந்த கிழட்டு வண்டிகளுக்கு நாம் செய்யும் கைம்மாறு இது.

125 சீசீ வண்டிக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்று வேண்டும். பத்து நிமிடமாவது ஓடி எஞ்சின் சூடேறிய பின்பே ஆணியைத் தொடலாம். முதலில் காற்று ஆணியைத் திருப்பி, வேகம் உச்சத்தைத் தொடும் இடத்தில் நிறுத்தவேண்டும். அதன்பிறகே வேக ஆணியால் இறக்கவேண்டும். ஹான்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பும்போது வேகம் ஏறினால் குற்றம் கேபிளில். காபரேட்டரைக் குடைந்து கூலி கேட்பவரிடம் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.